பத்து நாற்பதுக்குக் கடல்

நாலு பேர் ஒன்றுகூடி, ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருக்கப் போகிறார்கள் என்ற சேதி காதில் விழுந்த மாத்திரத்தில் கை பரபரக்கத் தொடங்கிவிடுகிற ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. ஏற்பாட்டுக்காரர் என்று அதற்குப் பெயர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அவர் உங்களைப் பார்த்து, ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதி, பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டமும் போட்டு வைத்திருப்பார்.

கல்யாண வீட்டில் அவர் இருப்பார். சாப்பிட உட்கார்ந்தவர்களை எழுப்பி வேறு நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் இருப்பார், நோயாளியைப் பார்க்க வந்தவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பார், அந்த நேரம் பார்த்து நோயாளி தூங்கிவிட்டால் தன்னை அவமதித்ததாக எடுத்துக்கொள்வார். ஆனால் அவருடைய விசுவரூபத்தை முழுசாகத் தரிசிக்க வேண்டுமானால் விடுமுறையில்தான் தரிசிக்க வேண்டும். வேலை நாளில் நமக்கும் வேலை இருக்கிறது, அதைச் சாக்காகக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். விடுமுறையில் நாம் நிராயுதபாணிகள்.

நான் தரிசித்திருக்கிறேன். தரிசித்துவிட்டு உயிரோடும் திரும்பி வந்திருக்கிறேன். உயிரோடு என்று அலங்காரத்துக்காக எழுதவில்லை.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. படிப்பின் கடைசி வருடம். மூன்று மாதப் பயிற்சிக்காக வெளிநாட்டில் ஒரு வரைபட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அடுக்குமாடிக் கட்டடங்களில் தண்ணீர்க் குழாய் எந்தச் சுவரில் ஏற வேண்டும், கழிவுநீர் எந்த மூலையில் இறங்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற இடம். பெரியவர்கள் வரைந்த தாளில் வால்வுகளுக்கு எண் போடுவது, அவர்கள் மனம் மாறினால் எண்ணை அழிப்பது, மறுபடி மனம் மாறினால் மறுபடி போடுவது: இதுதான் என் பயிற்சி. தங்கியிருந்தது ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடி. அறைச் சுவர் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். சனிக்கிழமைகளில் கீழே ஊராருடைய துணியெல்லாம் உருண்டு உருண்டு துவைபடும் சத்தத்தைக் கேட்டபடி நான் மேலே ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடப்பேன். அது எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் நம் மொழி பேசுகிறவர்கள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் ஒரே பிரிவு. அந்த ஒன்பதில் ஒருவரான பிரிவு மேற்பார்வையாளர்தான் நமது கதாநாயகர்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, இந்தச் சனி ஞாயிறு என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல சார்."

ஓர் ஏற்பாட்டுக்காரரிடம் சொல்லவே கூடாத பதில் அது. பட்டினி கிடப்பவரின் முன்னால் சோற்றுப் பானையைத் திறந்து வைத்ததுபோல அவர் முகம் மலர்ந்தது.

"நாம எல்லாரும் ரெண்டு நாள் கடற்கரைக்குப் போறோம். நாமெல்லாம் ஒரே குடும்பம் பாரு. கட்டாயம்னு ஒண்ணும் கிடையாது."

கட்டாயம் கிடையாது என்று அவர் சொன்னபோது அவருடைய வலது கை, என் பயிற்சி மதிப்பீட்டுப் படிவம் இருந்த கோப்பின்மேல் ஊன்றியிருந்தது. அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பட்டம். கை தற்செயலாக அங்கே இருந்திருக்கலாம். இந்த இனத்தாரின் கைகள் எப்போதும் தற்செயலாகத்தான் இருக்கும்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை இருந்தது. நான் வளர்ந்தது கடலிலிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால்தான் வருகிற ஊரில். அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"கூட வேலை பாக்குறவங்க கூப்பிட்டா போயிட்டு வா. தனியா அறையில கிடந்து என்ன பண்ணப் போறே," என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்து, "தண்ணிகிட்ட மட்டும் போகாத," என்றாள்.

"கடற்கரைக்குப் போயி தண்ணிகிட்ட போகாம எப்படிம்மா?"

"மணல்ல உக்காந்து பாரு. சினிமாவ அப்படித்தானே பாக்குறோம்."

புதன்கிழமை அட்டவணை வந்தது. இரண்டு பக்கம், மூலையில் பின் அடித்து, ஆளுக்கொரு பிரதி. காலை 6.10, வேனில் ஏறுதல். 6.15 முதல் 7.30 வரை, உற்சாகம். 7.30, சிற்றுண்டி (இருக்கையை விட்டு எழாமல்). 10.40 முதல் 11.25 வரை, கடல். 11.25 முதல் 11.30 வரை, மணலை உதறுதல். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. எனக்குப் பந்து. அட்டவணையின் அடியில் தடித்த எழுத்தில்: ஜாலியாக இருப்பதே நோக்கம், அனைவரும் ஒத்துழைக்கவும்.

பிரிண்ட் அறையில் ஓர் அக்கா இருந்தார். மேசை அகலத்துக்கு வரும் வரைபடங்களை அச்செடுத்து, மடித்து, கட்டிக் கொடுப்பது அவர் வேலை. ஐம்பதை நெருங்கிய வயது. அதிகம் பேசமாட்டார். அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு மேற்பார்வையாளரைக் கேட்டார்.

"எனக்குப் பழம் நறுக்குறதுன்னு போட்டிருக்கு. நான் எப்ப கடலுக்குப் போறது?"

"உங்க வயசுக்கு எதுக்குக்கா தண்ணியில இறங்கிக்கிட்டு? நிழல்ல உக்காந்து நறுக்குங்க. அதுவும் ஒரு பங்களிப்புதான்."

அக்கா தாளை வரைபடம் மடிப்பதுபோல ஓரம் பிசகாமல் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வேன் ஆறு பத்துக்குக் கிளம்பியிருக்கும். எல்லோரும் ஆறு மணிக்கே வந்து ஏறி உட்கார்ந்துவிட்டோம். ஆனால் சரியாக வந்தவர்களைச் சரிபார்க்காமல் விட்டால் சரியாக வந்ததற்கு என்ன அர்த்தம்? மூன்று முறை எண்ணினார். இரண்டாம் முறை ஓர் ஆள் கூடுதலாக வந்தது. அது அவருடைய மனைவி. குடும்பச் சுற்றுலாவில் குடும்பத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார். "அண்ணின்னு கூப்பிடுங்க எல்லாரும்," என்று அறிமுகப்படுத்தினார். அண்ணி எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், ஏற்கெனவே பல வேன்களில் ஏறி இறங்கிய களைப்பு இருந்தது.

உற்சாகம் தொடங்கியது. உங்களுக்கு இதை விவரிக்க வேண்டுமா? பாட்டுப் பாட வேண்டும். பாடாதவர் நடிக்க வேண்டும். நடிக்காதவர் தன் வாழ்வின் மறக்க முடியாத நிகழ்ச்சியை ஒரு நிமிடத்துக்கு மிகாமல் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில், கட்டட இடத்தை அளந்து வருகிற அளவையாளர் ஒருவர் இருந்தார். யார் என்ன சொன்னாலும் 'ம்' என்று மட்டுமே சொல்வார் என்பதால் உம்கொட்டி என்று அவருக்குப் பெயர். அவர் கண்ணை மூடியதும் மேற்பார்வையாளர் தோளைத் தட்டினார்.

"தூங்கறதுக்கு வீடு இருக்கு. இங்க ஜாலியா இருங்க."

"ம்," என்றார் உம்கொட்டி, ஜாலியாக.

வெயில் கண்ணில் படுகிறது, விளையாட்டில் கவனம் சிதறுகிறது என்று கடல் பக்கத்துத் திரைகளை இழுத்துவிடச் சொன்னார். அதனால் வாழ்நாளில் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது இரண்டு விரல் அகலத்துக்கு, அவருடைய காதுக்கும் திரைத்துணிக்கும் நடுவில். நீலமாகக்கூட இல்லை. ஈயத் தகடு மாதிரி இருந்தது. இருந்தாலும் நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். "தங்கச்சி, கேள்வி உனக்குத்தான், கவனி," என்றார் அவர்.

வாடகை வீடு கடற்கரையை ஒட்டியே இருந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்பக்கம் ஒரு வராந்தா. எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தபோது கூடத்தில் வட்டமாக உட்காரச் சொன்னார். பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு நல்ல குணம் சொல்ல வேண்டுமாம். அலையோசை வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போகிறது. நாங்கள் நல்ல குணம் தேடிக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் உம்கொட்டி. என்னை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா அழிக்கும்," என்றார், என் வால்வு எண்களை நினைத்து.

பத்து நாற்பதின் கடல் பன்னிரண்டேகாலுக்கு எங்களுக்குக் கிடைத்தது.

கரையில் ஒரு பலகை இருந்தது. எழுத்துப் புரியாதவனுக்கும் புரிகிற மாதிரி படம் போட்டிருந்தார்கள்: ஒரு பொம்மை மனிதன், அவனை உள்ளே இழுக்கிற இரண்டு அம்புக்குறிகள், எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. பலகையைத் தாண்டி இடது பக்கம் கரும்பாறைகள். வலது பக்கத்தில் ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாறைப் பக்கம் ஒரு தலைகூட இல்லை.

"அங்க ஏன் யாருமே இல்ல பாத்தீங்களா?" என்றார் மேற்பார்வையாளர். "போட்டோவுக்கு இடைஞ்சல் இல்லாம நல்ல இடம்."

"சார், பலகை," என்று நான் சொன்னேன்.

"அது சின்னப் பிள்ளைங்களுக்குப் போட்டது, தங்கச்சி."

நிறுவனத்துக்கு ஒரு மாத இதழ் உண்டு. அதன் நடுப்பக்கத்தில் எங்கள் பிரிவின் மகிழ்ச்சி அச்சாக வேண்டும் என்பதுதான் இரண்டு பக்க அட்டவணையின் உள்நோக்கம் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அண்ணி வீட்டுச் சமையலறையில் இருந்தார். அக்கா குடையடியில் பழத்தோடும் கத்தியோடும் இருந்தார். மீதி ஏழு பேரும் உயர வரிசைப்படி நின்றோம். குள்ளமானவள் நான், அதனால் பாறையோரக் கடைசி. சார் மட்டும் காய்ந்த மணலில், ஷூ போட்ட காலோடு, கழுத்தில் ஒரு விசில் தொங்க, கையில் கைபேசியோடு நின்றார்.

"பின்னாடி போங்க. இன்னும் ரெண்டடி. பாறை வரணும். இன்னும் ரெண்டடி."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலுக்குள் போவது எப்படி இருக்கும் என்று நீங்கள் அனுபவித்ததில்லை என்றால் அனுபவிக்கவே வேண்டாம். பயத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"கையைக் கோத்துக்கிட்டா ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி இருக்கு. விடுங்க, விடுங்க. எல்லாரும் கையை மேல தூக்குங்க. சந்தோஷமா."

விட்டோம். தூக்கினோம். சந்தோஷமும் பட்டோம். அப்போது அலை வந்தது.

அலை என்னைத் தள்ளியது பெரிதில்லை. அது திரும்பிப் போகும்போதுதான் காலுக்கடியில் இருந்த மணலை, படுத்திருப்பவனுக்குக் கீழிருந்து பாயை உருவுவதுபோல உருவிக்கொண்டு போயிற்று. கால் ஊன்றத் தரையில்லை. வாய்க்குள் உப்பு. ஒருமுறை மேலே வந்தபோது கரை, நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு தள்ளியிருந்தது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன்.

"சூப்பர் தங்கச்சி, அப்படியே இரு," என்ற குரல் கேட்டது.

அந்தப் படம் பிறகு பார்க்கக் கிடைத்தது. ஆறு பேர் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு கைகள்.

அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். விசில் அடிக்க ஆரம்பித்தார். நான் இரண்டாவது முறை மூழ்கி எழுந்தபோதும் விசில் கேட்டது. மூன்றாவது முறையும் கேட்டது. கடல் விசிலுக்குக் கட்டுப்படும் என்று அவர் மனதார நம்பியிருக்கிறார் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

மூன்றாவது முறை எழுந்தபோது என் சட்டைக் காலரை ஒரு கை பின்னாலிருந்து பிடித்தது.

"கைய ஆட்டாத," என்றது ஒரு குரல், பக்கத்து மேசையிலிருந்து பென்சில் கேட்கிற குரலில். "கரையப் பாக்காத. என்னப் பாரு."

பிரிண்ட் அறை அக்கா. கட்டிய துணியோடு வந்திருந்தார்.

"மல்லாக்கப் படு. நான் பிடிச்சிருக்கேன். கால மட்டும் மெதுவா அசை."

"கரைக்குப் போகணும்க்கா," என்று அழுதேன்.

"நேரா போனா போகவிடாது. பக்கவாட்டுல போவோம். அவசரமா ஒண்ணும் வேலையில்லையே உனக்கு?"

கடல் எங்களை இழுத்த இழுப்புக்கு அக்கா எதிர்த்து ஓர் அடிகூட நீந்தவில்லை. ஊர்க்காரர்கள் குளித்துக்கொண்டிருந்த பக்கமாகவே, குறுக்காகப் போனார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் மூச்சு என் காதருகே ஒரே சீராக வந்து போனது. பிறகு இழுப்பு விட்டது. அலை எங்களைத் தானே கரைப்பக்கம் தள்ளியது. நூற்றைம்பது அடி தள்ளி, காலில் மணல் தட்டியது.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்ததும் அக்கா என்னை விட்டுவிட்டுத் தன் துணியைப் பிழிந்தார். அந்த நிமிடத்தில்தான் மேற்பார்வையாளர் கரையோரமாக ஓடி வந்து சேர்ந்தார். வருகிற வழியில், எங்களில் ஒருத்தியாகக் கரையேறி நின்ற வரவேற்பறைப் பெண்ணின் கையில் கைபேசியைத் திணித்து "எடு, எடு," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஈர மணல் தொடங்குகிற இடத்தில் கவனமாக நின்று, கையை நீட்டி, என் தோளைப் பிடித்து, தூக்கிவிடுகிற பாவனையில் குனிந்தார். படம் எடுக்கப்பட்டது. அக்கா அந்தப் படத்தில் இல்லை. துணி பிழிகிற முழங்கை ஓரத்தில் தெரிகிறது.

அவருடைய முதல் வார்த்தையை அப்படியே தருகிறேன். "பயந்துட்டியா தங்கச்சி? ஒண்ணும் இல்ல. சாப்பாட்டுக்கு அரைமணி லேட்டு, அவ்வளவுதான்."

சமையலறையில் அண்ணி எனக்குத் துண்டும் சூடான டீயும் கொடுத்தார். என் பல் டம்ளர் விளிம்பில் தந்தியடித்தது.

"எங்க கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையக் காணோம்னு தேடினாங்க," என்றார் அண்ணி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "சாப்பாட்டுக் கூடத்துல நாற்காலிய வரிசைப்படுத்திக்கிட்டு இருந்தார். அன்னைக்கே எழுந்து போயிருக்கலாம் நான். எல்லாரும் பாக்குறாங்களேன்னு உக்காந்துட்டேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கோபப்படாதேன்னு உன்கிட்ட சொல்லமாட்டேன். திங்கக்கிழமை யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கோ. அவர் இந்நேரம் யோசிச்சிருப்பார்."

அண்ணி சொன்னது பலித்தது. ஏற்பாட்டுக்காரரின் ஏற்பாடுகளிலேயே உயர்ந்தது, நடந்து முடிந்ததை ஏற்பாடு செய்வதுதான். சனிக்கிழமை மாலை வராந்தாவில் அவர் சொன்ன கதையில், அவருடைய விசிலோசையை வைத்துத்தான் அக்காவுக்குத் திசை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கடலை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று தடை போட்டு, எங்களையெல்லாம் உட்காரவைத்து, 'தண்ணீரில் பாதுகாப்பு' என்று முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வகுப்பில், அக்காவைத் தண்ணீருக்குள் அனுப்பியதே அவர்தான். திரும்பி வரும் வேனில், "நாங்க ரெண்டு பேரும் இறங்கினோம்," என்றார். வேன் பாலம் தாண்டும்போது யாரோ ஒருவர் கைதட்டினார். தட்டியவர் யாரென்று தெரியாது; அவரையும் அக்காவையும் கழித்தால் மிஞ்சுகிற எட்டு பேரில் ஒருவர். பிறகு எட்டு பேரும் தட்டினோம். அக்கா ஜன்னல் திரையை விலக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்குவதற்கு முன் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கக்கா நீந்தக் கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பா படகு ஓட்டினார். நாங்க ஆறு பிள்ளைங்க. தூக்கித் தண்ணியில போட்டுட்டு அவர்பாட்டுக்குப் போயிடுவார். கரைக்கு வந்தவங்களுக்குச் சாப்பாடு."

"அத நீங்க முன்னாடியே சார்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கேட்டாரா?"

திங்கட்கிழமை வாராந்திரக் கூட்டம். கண்ணாடிச் சுவர் போட்ட அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்ட் அறை. கதவு திறந்தே இருந்தது. அக்கா முதுகைக் காட்டி நின்று, இயந்திரத்திலிருந்து வரும் தாளை இழுத்து இழுத்து மடித்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் வந்திருந்தார். அவரும் நம்மவர்தான், நல்ல மனிதர், எதையும் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். மேற்பார்வையாளர் படத்தைச் சுற்றுக்கு விட்டார். இப்போதைய கதையில் அவர் தனியாக இறங்கியிருந்தார். கழுத்தளவு தண்ணீர். படத்தில் அவருடைய ஷூ நனையாமல் மின்னிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை, அல்லது எல்லோரும் பார்த்தார்கள்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"நீதானேம்மா தண்ணியில மாட்டினது? சொல்லு, என்ன நடந்துச்சு?"

மேசையில் என் படிவம் இருந்தது. கடைசிப் பக்கம் மேலே இருந்தது. பேனா மூடி திறந்து இருந்தது.

இங்கே நிறுத்தி உங்களைக் கேட்கிறேன்: நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும்போது எல்லோரும் வீரர்கள்தான்.

"சார்தான் சார்," என்றேன். "சார் இல்லேன்னா நான் இல்ல."

பின் பாதி உண்மைதான் என்று அன்று பூராவும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இல்லையென்றால் நான் அந்தப் பாறையோரத்தில் நின்றிருக்கவே மாட்டேனே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாள் மடிக்கிற கை ஒரு கணம் நின்றது. பிறகு மடித்தது.

சாயங்காலம் பிரிண்ட் அறைக்குப் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா இயந்திரத்தை அணைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"தண்ணிக்குள்ள நான் சொன்னதெல்லாம் கேட்டே. அதனாலதான் பொழச்சே," என்றார். "கரைக்கு வந்ததும் அவர் சொன்னதக் கேட்டுட்டே. பரவாயில்ல, சொன்னாக் கேக்குற பொண்ணு."

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பரவாயில்லை இன்றுவரைக்கும் என் தொண்டையில்தான் இருக்கிறது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் கையெழுத்து விழுந்தது. 'கூட்டுணர்வு மிக்கவர்' என்று ஒரு குறிப்பும் சேர்த்து. மாத இதழின் நடுப்பக்கத்தில் படம் வந்தது. அச்சுக்குத் தோதாக ஓரத்தை வெட்டியதில் அந்த முழங்கையும் போயிற்று. எல்லோருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அக்காவுடையதில் 'பழப் பிரிவு' என்று இருந்தது. நான் ஊர் திரும்பி, படிவத்தைக் கல்லூரியில் ஒப்படைத்து, பட்டமும் கைக்கு வந்த பிறகு, எனக்கு வீரம் வந்தது. நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதி, என்னைக் காப்பாற்றியவர் பிரிண்ட் அறை அக்காதான் என்று கோடிட்டு, இதழுக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி, உரிய முறையில் பதிவு செய்துகொண்டோம். கீழே கையெழுத்து: தலைவர், பணியாளர் பாதுகாப்புக் குழு. அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் படிவத்தில் இருப்பதும் அதே கையெழுத்துதான். அக்கா அந்த வருடமே வேலையை விட்டுவிட்டார் என்று உம்கொட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் அதை மூன்று முழு வாக்கியங்களில் சொன்னார் என்பதிலிருந்து விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஏற்பாட்டுக்காரர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவரென்றால் தப்பித்துக்கொள்வது சுலபம். அவர் நமக்காக உழைக்கிறவர். நமக்கு எது சந்தோஷம் என்று நம்மைக் கேட்டு நேரத்தை வீணாக்காதவர். எந்தக் கரையிலும் முதலில் போய் நிற்பவர், எந்தத் தண்ணீரிலும் கடைசிவரை இறங்காதவர். அவரைச் சுற்றி எப்போதும் எட்டு பேர் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த எட்டு பேருக்குத் தனியாக ஓர் இனப்பெயர் வைக்கலாம் என்றுதான் இருந்தேன். அதில் ஒருத்தி நான் என்பதால் விட்டுவிட்டேன்.

உங்களுக்கும் இந்நேரம் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார், அல்லது உங்கள் மைத்துனர், அல்லது மாடிவீட்டுக்காரர். வயிறு குலுங்கச் சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. இதை அவசியம் அவர் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறதா? அவருக்கு மட்டும் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார், அதனால் இன்னும் நாலைந்து பேரையும் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச்சொல்லி, ஆளுக்கு ஒரு பக்கமாக வாசிக்க வைத்தால் ஜாலியாக இருக்குமே என்று கை பரபரக்கிறதா?

எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள். நான் அன்றைக்கு ஊரில் இருக்கமாட்டேன்.